கடலில் இறங்கிய செஸ்னா: கலாவுபாபா விபத்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய விமானம் ஒன்று என்ஜின் நின்றுபோய்க் கடலில் இறங்கினால் உள்ளே இருப்பவர்கள் பிழைப்பார்களா? பெரும்பாலும் பிழைக்கிறார்கள். ஆனால் இறங்கிய பிறகு வரும் ஒரு மணி நேரத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 2013-ல் ஹவாயில் நடந்த விபத்தில் அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஓர் உயிர் போனது. அதை வைத்தே இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

அன்று என்ன நடந்தது?

2013 டிசம்பர் 11, பிற்பகல். ஹவாயின் மொலோகாய் தீவில் இருக்கும் கலாவுபாபா என்ற சின்ன விமான நிலையத்திலிருந்து மகானி காய் ஏர் நிறுவனத்தின் செஸ்னா கிராண்ட் கேரவன் விமானம் ஹொனலுலுவுக்குக் கிளம்பியது. ஒரே என்ஜின், ஒரு விமானி, எட்டுப் பயணிகள். ஓடுதளத்தை விட்டு எழும்பிச் சில நூறு அடி உயரம் போவதற்குள் பெரிய வெடிச் சத்தம் கேட்டது. அத்தோடு என்ஜினின் இழுவிசை போய்விட்டது. விமானி கரைக்குத் திரும்ப முயன்றார், உயரம் போதவில்லை. திறந்த கடலில், கரையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் விமானத்தை இறக்கினார்.

ஒன்பது பேரும் உயிரோடு விமானத்தை விட்டு வெளியே வந்தார்கள். விமானம் சுமார் 25 நிமிடம் மிதந்துவிட்டு மூழ்கியது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் அலைகளில் மிதந்தவர்களை அமெரிக்கக் கடலோரக் காவல்படையும் மாவி மாவட்டத் தீயணைப்புத் துறையும் ஹெலிகாப்டர்களில் வந்து தூக்கினார்கள். பயணி ஒருவர் தானாகவே நீந்திக் கரை சேர்ந்தார். எட்டுப் பேர் பிழைத்தார்கள். இறந்தவர் ஹவாய் மாநிலச் சுகாதாரத் துறை இயக்குநர் லொரெட்டா ஃபட்டி. வயது 65.

மாநில அளவில் அவ்வளவு பெரிய அதிகாரி இவ்வளவு சின்ன விமானத்தில் ஏன் போனார்?

கலாவுபாபாவுக்கு வேறு வழி கிடையாது என்பதுதான் காரணம். மொலோகாயின் வடகரையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான நிலம் அது. மூன்று பக்கம் கடல், பின்பக்கம் உலகிலேயே மிக உயரமான கடலோரப் பாறைச் சுவர்கள். சாலை இல்லை. மேலேயிருந்து செங்குத்தான மலைப்பாதையில் இறங்கலாம், அல்லது விமானத்தில் வரலாம்.

அந்த இடம் அப்படி ஒதுங்கிக் கிடப்பதால்தான் 1866 முதல் தொழுநோயாளிகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். குடும்பத்திலிருந்து பிரித்து, திரும்பி வர வழியில்லாமல். பெல்ஜியத்திலிருந்து வந்த பாதிரியார் டேமியன் 1873-ல் அங்கே போய் அவர்களோடு வாழ்ந்து, அதே நோய் வந்து 1889-ல் இறந்தார். 2009-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். கட்டாயமாக ஒதுக்கி வைக்கும் சட்டம் 1969-ல்தான் நீங்கியது. அதற்குப் பிறகும் வாழ்நாள் முழுக்க அங்கே இருந்துவிட்ட முதியவர்கள் சிலர் அதுவே தங்கள் ஊர் என்று தங்கிவிட்டார்கள். அவர்களைக் கவனிக்கும் பொறுப்பு மாநிலச் சுகாதாரத் துறையுடையது. அந்த முதியவர்களைப் பார்க்க ஆண்டுதோறும் போகும் வழக்கப்படிதான் ஃபட்டி போயிருந்தார். வேலை முடிந்து ஊர் திரும்பும்போது இப்படி ஆனது.

என்ஜின் ஏன் நின்றது?

அந்த விமானத்தில் இருந்தது பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் பிடி6 வகை டர்போப்ராப் என்ஜின். 1960-களிலிருந்து உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருப்பது, நல்ல பெயர் எடுத்தது. அதற்குள் எரியும் வாயுவின் வேகத்தில் சுழலும் ஒரு தட்டு உண்டு. தட்டின் விளிம்பைச் சுற்றி விரல் நீளத்துக்கும் குறைவான உலோகத் தகடுகள் வரிசையாக இருக்கும். முழு வேகத்தில் அது நிமிடத்துக்கு 37,000 சுற்றுக்கு மேல் சுழலும். செந்தணல் போன்ற வெப்பம் ஒரு பக்கம், பிய்த்து எறியப் பார்க்கும் சுழற்சி விசை இன்னொரு பக்கம். இரண்டையும் தாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட வேண்டும்.

அந்தத் தகடுகளில் பல முறிந்துவிட்டன. ஒன்று முறிந்தாலே போதும், சிதறும் துண்டு பக்கத்துத் தகடுகளையும் அடித்துக்கொண்டு போகும், ஒரு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். பயணிகள் கேட்ட வெடிச் சத்தம் அதுதான்.

கடலடியிலிருந்து விமானத்தை எடுத்து என்ஜினைப் பிரித்துப் பார்த்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், தகடுகள் முறிந்ததுதான் காரணம் என்று உறுதியாகச் சொன்னது. முதல் தகடு ஏன் முறிந்தது என்பதை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. முறிந்த பிறகு ஏற்பட்ட கடும் வெப்பத்தில் தகடுகள் உருகிச் சிதைந்து, முதல் விரிசலின் தடயமே அழிந்துபோயிருந்தது. தெரியாததைத் தெரியாது என்று எழுதிவைத்த அந்த அறிக்கை மேல் எனக்கு மரியாதை உண்டு.

என்ஜின் நின்றால் விமானம் கல் மாதிரி விழுந்துவிடாதா?

விழாது. விமானத்தைத் தூக்கி நிறுத்துவது இறக்கை. இறக்கைக்கு வேண்டியது முன்னோக்கிய வேகம். என்ஜின் ஓடும்போது அந்த வேகத்தை என்ஜின் தருகிறது. நின்றுவிட்டால் உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்க வேண்டியதுதான், மிதிப்பதை நிறுத்திய சைக்கிள் சரிவில் தானாக ஓடுகிற மாதிரி. மூக்கை லேசாகத் தாழ்த்திப் பிடித்தால் இந்த மாதிரி விமானம் இழக்கும் உயரத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தூரம் முன்னால் போகும். பத்தாயிரம் அடி உயரத்தில் என்ஜின் நின்றால் முப்பது கிலோமீட்டருக்கு மேல் தாராளமாகச் சறுக்கிப் போகலாம். விமானிக்கு யோசிக்க நேரம் இருக்கும்.

ஆபத்து எங்கே என்றால், எழும்பிய உடனே நிற்பதில்தான். கலாவுபாபாவில் நடந்தது அது.

பின்னால் ஓடுதளம் இருந்ததே, அங்கேயே திரும்பியிருக்கலாமே?

எல்லோரும் கேட்கும் கேள்வி. விமானம் சில நூறு அடிதான் எழும்பியிருந்தது. 500 அடி என்றே வைத்துக்கொண்டாலும் அது 150 மீட்டர். நேராகப் போனாலே அதிகபட்சம் இரண்டு கிலோமீட்டர்தான் கிடைக்கும். அதில் 180 பாகை திரும்ப வேண்டும். திரும்பும்போது விமானம் சாய்கிறது. சாய்ந்தால் இறக்கையின் தூக்கும் விசையில் ஒரு பகுதி பக்கவாட்டில் போய்விடும், உயரம் இன்னும் வேகமாகக் குறையும். பதற்றத்தில் மூக்கை மேலே இழுத்தால் வேகம் செத்து, இறக்கை தூக்குவதையே நிறுத்திவிடும். அப்போதுதான் விமானம் உண்மையிலேயே கல் மாதிரி விழும், அதுவும் ஒரு இறக்கை முன்னால் சாய்ந்தபடி. அப்படி விழுந்தவர்களில் பிழைத்தவர்கள் அபூர்வம். அதனால்தான் விமானிகளுக்குப் பயிற்சிக் காலத்திலேயே சொல்லித் தருகிறார்கள்: தாழ்வான உயரத்தில் என்ஜின் போனால், முன்னால் எது இருக்கிறதோ அதில் கட்டுப்பாட்டோடு இறங்கு, திரும்பாதே.

கலாவுபாபாவில் முன்னாலும் பக்கத்திலும் இருந்தது கடல்தான். எட்ட முடியாது என்று தெரிந்ததும் விமானி ஓடுதள ஆசையை விட்டுவிட்டு, கட்டுப்பாடு கையில் இருக்கும்போதே தண்ணீரைத் தேர்ந்தெடுத்தார். ஒன்பது பேரும் உயிரோடு வெளியே வந்ததற்கு அந்த முடிவுதான் முதல் காரணம் என்பது என் எண்ணம்.

தண்ணீர் மென்மையானதுதானே? அடி படாதா?

படும். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் மோதும்போது தண்ணீர் விலகிக்கொடுக்க நேரம் இருக்காது. அதனால் எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக, ஆனால் கட்டுப்பாடு போகாத அளவுக்கு வேகம் வைத்து, இறக்கையை மட்டமாகப் பிடித்து இறக்க வேண்டும். ஒரு இறக்கை முனை முதலில் பட்டால் விமானம் சக்கரமாகச் சுழன்றுவிடும்.

அலையின் போக்கையும் பார்க்க வேண்டும். குளத்தில் இறங்கினால் காற்றை எதிர்த்து இறங்கலாம், வேகம் குறையும். திறந்த கடலில் நீளநீளமாக உருண்டு வரும் பெரிய அலைகளுக்கு நேர் எதிராகப் போனால் சுவரில் மோதுகிற மாதிரி ஆகிவிடும். அலையின் முதுகு எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறதோ அதற்கு இணையாக இறக்குவதுதான் நல்லது, காற்று கொஞ்சம் பக்கவாட்டில் அடித்தாலும் பரவாயில்லை.

கேரவன் விமானத்துக்குச் சக்கரங்களை உள்ளே மடக்கும் வசதி கிடையாது. கீழே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரங்கள் முதலில் தண்ணீரைப் பிடித்து விமானத்தை முன்பக்கமாகக் கவிழ்க்கப் பார்க்கும். அன்று அது கவிழாமல் நின்றது பெரிய விஷயம்.

இறக்கை மேலே இருக்கும் விமானமா, கீழே இருக்கும் விமானமா, எது நல்லது?

கேரவனுக்கு இறக்கை மேலே. இந்த வகை விமானம் மிதக்கும்போது இறக்கைதான் நீர்மட்டத்தில் இருக்கும். அதற்குக் கீழே தொங்கும் பயணிகள் பகுதி தண்ணீருக்குள் போய்விடும். அதனால் உள்ளே சட்டென்று தண்ணீர் ஏறும். இறக்கை கீழே இருக்கும் விமானத்தில் பயணிகள் பகுதி கொஞ்ச நேரம் தண்ணீருக்கு மேலேயே இருக்கும், இறக்கை மேல் நடந்து வரலாம். 2009-ல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் ஏர்பஸ் விமானத்தின் இறக்கைகள் மேல் பயணிகள் வரிசையாக நின்ற படம் பலருக்கும் நினைவிருக்கும். சிறு விமானத்தில் அப்படி எதிர்பார்க்காதீர்கள்.

எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களே, அப்புறம் ஒருவர் எப்படி இறந்தார்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன்.

ஃபட்டிக்கு உயிர் போகும் அளவு அடிபடவில்லை. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார். மூழ்கவில்லை. அவருடைய துறையின் துணை அதிகாரி பக்கத்திலேயே மிதந்துகொண்டு அவர் கையைப் பிடித்திருந்தார். ஒரு கட்டத்தில் அந்தக் கை தளர்ந்துவிட்டது. 2014 ஜனவரியில் வெளியான பிரேதப் பரிசோதனை முடிவு, இதயத் துடிப்பின் தாளம் திடீரென்று குலைந்ததால் மரணம் என்றும், அதற்குக் காரணம் அளவுக்கு மீறி வேகமாக மூச்சு வாங்கியது என்றும் சொன்னது.

மூச்சு வாங்கியதால் மரணமா என்று பலருக்கும் ஆச்சரியம். உடம்பில் நடப்பது இதுதான். பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. அது குறைந்தால் ரத்தத்தின் அமிலத்தன்மை குறைகிறது, பொட்டாசியம், கால்சியம் போன்ற உப்புகளின் சமநிலை ஆட்டம் காண்கிறது, இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கக்கூடும். கூடவே பயத்தில் சுரக்கும் அட்ரினலின் இதயத்தை விரட்டுகிறது. இளம் வயது இதயம் இதைத் தாங்கிவிடும். எல்லா இதயமும் தாங்காது.

கடல் அன்று உறைய வைக்கும் குளிரும் இல்லை. டிசம்பரில் ஹவாய்க் கடல் 24, 25 டிகிரி இருக்கும். குளிர்ந்த நாடுகளில் இது இன்னும் மோசம். 15 டிகிரிக்குக் கீழே இருக்கும் தண்ணீரில் விழுந்த கணமே உடம்பு தானாக ஒரு பெரிய மூச்சை இழுக்கும், முகம் தண்ணீருக்குள் இருந்தால் அந்த முதல் மூச்சிலேயே தண்ணீர் உள்ளே போய்விடும். அதற்கடுத்த ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்தவே முடியாது.

அதனால் தண்ணீரில் விழுந்தவர் செய்ய வேண்டிய முதல் வேலை நீந்துவது அல்ல. மிதப்பது. தலையைப் பின்னால் சாய்த்து, காதுகள் தண்ணீருக்குள் போனாலும் பரவாயில்லை என்று, முகம் வானத்தைப் பார்க்க மல்லாந்து கிடக்க வேண்டும். இழுப்பதை விட வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்கட்டும். பக்கத்தில் யாராவது மூச்சுத் திணறினால் அவரிடம் கண்ணைப் பார்த்துப் பேச்சுக் கொடுங்கள், உங்களோடு சேர்ந்து மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள். அலை வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டினால் உப்புத் தண்ணீர் வாய்க்குள் அடிப்பது குறையும்.

ஃபட்டியின் மரணம் சதி என்று இணையத்தில் சொல்கிறார்களே?

2011-ல் அதிபர் ஒபாமாவின் முழுப் பிறப்புச் சான்றிதழின் நகலை வெளியிட ஒப்புதல் கொடுத்தவர் ஃபட்டி. ஒபாமா அமெரிக்காவில் பிறக்கவில்லை என்று பிடிவாதமாகச் சொல்லிவந்த கூட்டம் அவர் இறந்ததும் கதை கட்டத் தொடங்கியது. உயிர் பிழைத்த சாட்சிகள் எட்டுப் பேர் உண்டு. பிரேதப் பரிசோதனை இருக்கிறது. முறிந்த தகடுகளோடு என்ஜின் இருக்கிறது. பயணி ஒருவர் எடுத்த வீடியோ இருக்கிறது. தொழுநோயால் ஒதுக்கப்பட்ட முதியவர்களைப் பார்க்கப் போய் உயிர்விட்ட ஒரு பெண்மணியை இப்படிப் பேசுவது அநியாயம். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

லைஃப் ஜாக்கெட்டை எப்போது ஊத வேண்டும்?

வெளியே வந்த பிறகு. கதவைத் தாண்டிய பிறகு. விமானத்துக்குள் ஒருபோதும் ஊதாதீர்கள்.

1996 நவம்பரில் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் போயிங் 767 விமானம் கடத்தப்பட்டு, எரிபொருள் தீர்ந்து, கொமொரோஸ் தீவுக் கரையோரம் கடலில் இறங்கி உடைந்தது. 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். மோதலில் பிழைத்த பலர் லைஃப் ஜாக்கெட்டை உள்ளேயே ஊதிவிட்டிருந்தார்கள். தண்ணீர் ஏற ஏற ஜாக்கெட் அவர்களைத் தூக்கிக் கூரையோடு சேர்த்து அழுத்தியது. கீழே முங்கி வாசலுக்குப் போக முடியவில்லை. உயிரைக் காக்க வேண்டிய பொருளே சிறையாகிவிட்டது. விமானப் பணிப்பெண் ஒவ்வொரு முறையும் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இத்தனை உயிர்கள் இருக்கின்றன.

விமானம் தலைகீழாகக் கவிழ்ந்து, உள்ளே தண்ணீர் நிறைந்துவிட்டால்?

கடலில் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஹெலிகாப்டரில் போகும் தொழிலாளர்களுக்கு இதற்கென்றே பயிற்சி கொடுக்கிறார்கள். பொம்மை விமான அறையில் உட்கார வைத்து, குளத்தில் இறக்கி, தலைகீழாகப் புரட்டிவிடுவார்கள். அதில் சொல்லித்தருவதை இங்கே எழுதுகிறேன்.

இறங்கும் முன்பே உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கதவையோ ஜன்னலையோ பார்த்து, ஒரு கையால் அதன் விளிம்பை, இல்லையென்றால் அதற்குப் போகும் வழியில் இருக்கும் சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மோதிய பிறகு அந்தப் பிடியை விடவே கூடாது. தலைகீழாகிவிட்டால், இருட்டில், மூக்கில் தண்ணீர் ஏறும்போது, எது மேல் எது கீழ் என்று மூளைக்குத் தெரியாது. ஆனால் கதவு உங்களுக்கு வலது பக்கம் இருந்தது என்றால் கவிழ்ந்த பிறகும் வலது பக்கம்தான் இருக்கும். கை பிடித்திருக்கும் திசைதான் வழி.

அசைவு எல்லாம் நிற்கும் வரை சீட் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். இதுதான் பலரும் தவறவிடுவது. பெல்ட் இருக்கும் வரை நீங்கள் ஓர் இடத்தில் இருக்கிறீர்கள், கதவைத் தள்ள உங்களுக்குப் பிடிமானம் இருக்கிறது. கழற்றிய நொடியே மிதக்க ஆரம்பித்து எங்கோ போய்விடுவீர்கள். கதவைத் திறந்து, திறந்த வாசலின் விளிம்பைப் பிடித்த பிறகு, இன்னொரு கையால் பெல்ட்டை விடுவித்து, பிடித்த கையால் உடம்பை வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். வெளியில் தண்ணீர் அழுத்துவதால் கதவு திறக்கவில்லை என்றால், உள்ளே தண்ணீர் நிறைந்து அழுத்தம் சமமானதும் திறக்கும். அந்தச் சில நொடிகள் யுகம் போல இருக்கும், ஆனால் மூச்சைப் பிடிக்க முடிந்த நேரம்தான்.

இரண்டு என்ஜின் இருந்தால் இந்தப் பயம் இல்லையே?

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். 2009 அக்டோபர் 22-ஐப் பாருங்கள். கரீபியன் கடலில் குராசோ தீவிலிருந்து பொனேர் தீவுக்கு டிவி டிவி ஏர் நிறுவனத்தின் ஐலண்டர் விமானம் ஒன்பது பயணிகளோடு கிளம்பியது. இரண்டு என்ஜின். போகும் வழியில் வலது என்ஜின் நின்றது. ஒன்று ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் விமானம் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டே வந்தது.

கணக்கு இப்படித்தான் வேலை செய்கிறது. சிறிய இரட்டை என்ஜின் விமானத்தில் ஒன்று போனால் பலம் பாதியாகும், ஆனால் மேலே ஏறும் திறன் பாதியாகாது, முக்கால்வாசிக்கும் மேல் போய்விடும். காரணம், இருக்கும் பலத்தில் பெரும்பகுதி விமானத்தை மட்டமாகப் பறக்க வைக்கவே செலவாகிறது. ஏறுவதற்கு மிச்சமிருப்பதுதான் ஏறும் திறன். மிச்சம் தீர்ந்தால் இறங்க வேண்டியதுதான். அந்த விமானத்தில் அனுமதித்ததை விட அதிக எடையும் இருந்தது என்று விசாரித்த நெதர்லாந்துப் பாதுகாப்பு வாரியம் கண்டது. பயணிகளின் எடையைக் கணக்கிட வைத்திருந்த பழைய சராசரி, உண்மையான ஆட்களின் எடைக்குப் பொருந்தவில்லை. என்ஜின் நின்றபோது குராசோதான் பக்கம், ஆனால் விமானி பொனேரை நோக்கியே போனார்.

பொனேரை ஒட்டிய கிளைன் பொனேர் என்ற சின்னத் தீவுக்கு அருகே விமானம் கடலில் இறங்கியது. ஒன்பது பயணிகளும் பிழைத்தார்கள், பக்கத்தில் இருந்த படகுகள் சில நிமிடங்களிலேயே வந்துவிட்டன. விமானி ராபர்ட் மான்செல் மோதலில் நினைவிழந்தார். பயணிகள் அவரை வெளியே இழுக்கப் போராடினார்கள், முடியவில்லை. விமானத்தோடு அவரும் போய்விட்டார். திரும்பாமல் தொடர்ந்தது சரியா என்று விவாதிக்கலாம், விவாதிக்க வேண்டும். கடைசியில் ஒன்பது பேரும் வெளியேறும்படி விமானத்தைத் தண்ணீரில் வைத்ததும் அவரே.

கரை கண்ணுக்குத் தெரிந்தால் நீந்திப் போகலாமா?

பொதுவாக வேண்டாம். தண்ணீரிலிருந்து பார்க்கும்போது கரை பக்கத்தில் இருப்பது போலத் தெரியும், நீரோட்டம் எதிராக இருந்தால் மணிக்கணக்கில் நீந்தினாலும் அதே இடத்தில் இருப்பீர்கள். கலாவுபாபாவில் ஒருவர் நீந்திக் கரை சேர்ந்தது உண்மை, அதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹெலிகாப்டரிலிருந்து பார்ப்பவருக்குக் கடலில் ஒரு தலை கண்ணுக்கே படாது. ஏழெட்டுப் பேர் கைகோத்து வட்டமாக மிதந்தால் தெரியும். சேர்ந்திருந்தால் சூடும் குறையாது, தைரியமும் குறையாது.

நீச்சல் தெரியாதவர்?

நன்றாகக் கட்டிய லைஃப் ஜாக்கெட் இருந்தால் நீச்சல் தெரியாதவரும் மிதப்பார். இடுப்புப் பட்டையைக் கட்ட மறந்தால் ஜாக்கெட் தலைக்கு மேல் உருவிக்கொண்டு போய்விடும், அதை மட்டும் கவனியுங்கள். ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தில் இருந்த 155 பேரில் மிகச் சிலர்தான் ஜாக்கெட்டைச் சரியாகப் போட்டிருந்தார்கள். படகுகள் நிமிடங்களில் வந்ததால் அது பெரிய இழப்பாகவில்லை. நடுக்கடலில் அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது.

மீட்பவர்களுக்கு இடம் எப்படித் தெரியும்?

விமானி ரேடியோவில் ‘மேடே’ என்ற அபாய அழைப்பைச் சொல்ல நேரம் கிடைத்தால் நல்லது. மோதியதும் தானாக இயங்கும் அபாய சமிக்ஞைக் கருவி விமானத்தில் இருக்கும், 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும். ஆனால் அந்த அலை தண்ணீரைத் துளைத்துக்கொண்டு போகாது. கருவி விமானத்தோடு மூழ்கினால் அதன் குரலும் மூழ்கிவிடும். அதனால் தீவுகளுக்கு நடுவே பறக்கும் விமானிகள் பலர் உள்ளங்கை அளவிலான தனி சமிக்ஞைக் கருவி ஒன்றை உடம்போடு கட்டிக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் கடல் மேல் பறக்கும் ஒவ்வொரு சிறு விமானத்திலும் அது கட்டாயமாக இருக்க வேண்டும்.

வீடியோ எடுத்த பயணி செய்தது சரியா?

அவர் கையில் ஏற்கெனவே ஒரு கேமரா ஓடிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை ஒலி, தண்ணீரில் மோதுவது, உள்ளே தண்ணீர் ஏறும் வேகம், வெளியே வந்து மிதப்பவர்கள், எல்லாம் அதில் பதிவானது. பாதுகாப்பு பற்றிப் பேசும் எனக்கு அது பெரிய பாடம், முக்கியமாகத் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பது. ஆனால் நீங்கள் அந்த நிலையில் இருந்தால் இரண்டு கைகளும் காலியாக இருக்கட்டும்.

மாலத்தீவில் ஓடுகிற கடல்விமானங்களும் இதே கதைதானா?

இல்லை. சென்னை, கொச்சி, கொழும்பு பக்கத்திலிருந்து மாலத்தீவு போகும் நம் ஆட்கள் அங்கே ஏறும் கடல்விமானம் பெரும்பாலும் மிதவைக் கால்கள் பொருத்திய ட்வின் ஆட்டர். அதற்குத் தண்ணீரே ஓடுதளம். ஆனாலும் முரட்டு அலையில் மிதவை மாட்டிக் கவிழ்வது உண்டு, அதனால் கவிழ்ந்த விமானத்திலிருந்து வெளியேறுவது பற்றி மேலே எழுதியது அங்கேயும் பொருந்தும்.

இந்த விபத்துக்குப் பிறகு ஏதாவது மாறியதா?

இதே வகை என்ஜின்களில் தகடு முறிந்த வேறு சம்பவங்களும் இருந்தன. 2014-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அந்த என்ஜின்களின் தகடுகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் உள்ளே கேமரா விட்டுப் பரிசோதிக்க வேண்டும், இறுதியில் ஒரே படிகமாக வார்க்கப்பட்ட புதிய வகைத் தகடுகளுக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. சாதாரண உலோகத்தில் பல படிகங்கள் சேர்ந்திருக்கும், வெப்பத்தில் அவற்றின் எல்லைகள் வழியாகத்தான் தகடு மெல்ல நீண்டு விரிசல் விடும். ஒரே படிகமென்றால் அந்த எல்லையே இல்லை.

சிறு விமானத்தில் ஏறும் முன் நான் என்ன செய்யலாம்?

லைஃப் ஜாக்கெட் எங்கே என்று விமானியிடம் கேளுங்கள். சீட்டுக்கு அடியிலா, பக்கத்துப் பையிலா, இடுப்பில் கட்டும் பொட்டலமா என்று கையால் தொட்டுப் பாருங்கள். கரைக்குச் சறுக்கிப் போக முடியாத தூரத்தில் கட்டணம் வாங்கிப் பறக்கும் விமானத்தில் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி, பல நாடுகளிலும் இதே மாதிரி உண்டு. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை, நல்ல விமானி சந்தோஷமாகக் காட்டுவார். கதவின் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்புகிறது என்றும் பாருங்கள்.

உங்கள் எடையையும் பையின் எடையையும் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஐலண்டர் விமானத்தின் கதையை நினைத்தால் ஏன் என்று புரியும். இதய நோய் இருப்பவர் கூட வந்தால் அவரைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். குழந்தை இருந்தால் குழந்தைக்கான ஜாக்கெட் தனியாக இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுடையது குழந்தைக்கு நிற்காது, குழந்தையுடையது பெரியவர்களைத் தாங்காது. அவசரத்தில் இரண்டும் ஒரே மஞ்சள் பொட்டலமாகத்தான் தெரியும்.